அடிக்கு ஓர் அங்குலம்



பன்னிரண்டு அங்குலம் கொண்டது ஓர் அடி என்பது நாம் எல்லோரும் பாலர் வகுப்பில் மனனஞ்செய்த வாய்பாடு. உண்மைப் பொருளில் ஓர் அடியாக இருப்பதைத் தம் கைவேலையில் ஓர் அங்குலமாக்கி, அவ்வளவு பிசகாமல் முழுப்பொருளையும் செய்து முடிக்கும் கலைஞர்கள் உலகின் பல பாகங்களிலும் இருக்கின்றனர். கப்பல், ஆகாயவிமானம், புகைவண்டி ஆகியவற்றையும் வேறு வேறு அளவுகளில் இவ்வாறு செய்வதுண்டு. மோட்டார்ச் சைக்கிளுக்குப் பெரிதும் வழங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் அளவு. அச்சிற்றுருவைப் பொருத்தி, வேண்டியவாறு மாற்றி, வர்ணந்தீட்டும் வேலையைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

சிறுவர் விளையாட்டுச் சாமானுக்கு இத்துணை விரிவுரை வேண்டுமா என்று கேட்பவர் இருக்கலாம். விளையாட்டுச் சாமான் பார்த்தமாத்திரத்தில் மோட்டார்ச் சைக்கிள் என்று தெரிந்தாற் போதும். பிள்ளை அதனை மகிழ்ச்சியோடு தரையில் ஓட்டும். அளவு மாதிரி அப்படிப்பட்டதன்று. எந்த மோட்டார்ச் சைக்கிள், எந்தக் காலத்தது, எந்த வீதியில் யார் ஓட்டியது என்று வினவுவார்க்கு அது விடை கூற வேண்டும். முதலிரண்டு வினாக்களுக்கும் தொழிற்சாலையின் ஏடுகளைப் பார்த்து விடை கூறிவிடலாம். மூன்றாவதற்கு ஏடு கிடையாது.

இக்கலைக்குத் தலைநகர் என்று ஒன்றைச் சொல்வதானால் அது யப்பான் நாட்டின் ஷிசுவோக்கா நகரமேயாகும். மரவேலைக்குப் பெயர்பெற்ற அந்நகரில் 1946ஆம் ஆண்டு மரவியாபாரமாகத் தொடங்கியது தமியா நிறுவனம். அது மரத்தாலான மாதிரிகளைச் செய்யத் தலைப்பட்டு, 1960இல் யமாத்தோ என்னும் போர்க்கப்பலின் உருவைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் பன்னிரண்டிலொரு பங்கு மோட்டார்ச் சைக்கிள்கள் உலகெங்கும் பரவின. புஜிமி, அயோஷிமா ஆகிய நிறுவனங்களும் அந்நகரத்தனவே.

யப்பானியருக்குப் புறம்பே, இத்தாலியில் தார்க்குவினியோ புரொவினி என்றொருவர் இருந்தார். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தயத்தில் 1957இலும் 1958இலும் உலகப் பட்டம் வென்ற வீரர். 1966ஆம் ஆண்டு மான் தீவில் நடந்த பந்தயத்தின்போது விழுந்து படுகாயமுற்றார். பந்தய வாழ்வு அன்றோடு முடிந்தது. வேறொருவராயின் மோட்டார்ச் சைக்கிளின் முகத்திலேயே விழிக்கமாட்டார். புரொவினியோ அவற்றின் சிற்றுருக்களைச் செய்து விற்கும் நிறுவனமொன்றைத் தொடங்கி, தம் பெயரின் இரண்டு பாகங்களிலுமிருந்து எழுத்துகளை எடுத்துப் புரொத்தார் என்று அதற்குப் பெயரிட்டார். தாம் ஓட்டிய காலத்துப் பந்தய வண்டிகளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒன்பதிலொரு பங்காக்கிப் பெட்டியில் அடைத்து விற்றார். விற்பனைக்காக மட்டும் செய்த வேலையாக அது எனக்குத் தோன்றவில்லை.

பந்தய வண்டிகளை விட்டு நமது வீதிக்கு வருவோம். ஹொண்டா நிறுவனத்தின் சூப்பர் கப் என்னும் சிறு வண்டி 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. நாற்பத்தொன்பது கன சென்ரிமீற்றர் எஞ்சின். இருக்கைக்குக் கீழே பெற்றோல் தாங்கி. ஓட்டுபவரின் கால்களிற் சேறு படாமற் காக்கும் வெண்ணிற முன்காப்பு. 2017ஆம் ஆண்டுக்குள் இவ்வினத்து வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் உற்பத்தியாகிவிட்டன. சி-50, சி-70, சி-90 என்ற பெயர்களில் இவற்றின் உடன்பிறப்புகளை இலங்கையில் அறியாதார் இலர். யப்பானிய அஞ்சற்காரர் ஓட்டிய சிவப்பு எம்.டி-90 வண்டியுங்கூடப் பாவித்த நிலையில் இங்கு வந்து இறங்கி, நெல்வயலுக்கும் சந்தைக்கும் ஓடியது.

அம்பாறையிலிருந்து வரும் வீதி கடற்கரை வீதியைச் சந்திக்கும் இடம் எங்கள் காரைதீவு. வடக்கே சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூர். விடியற்காலையில் அச்சந்தியில் நின்றால், பின்னாற் பெட்டி கட்டிய மீன் வண்டிகள் கடற்கரையிலிருந்து உள்ளூர்களை நோக்கிப் போவதைக் காணலாம். ஒன்றுபோல் மற்றொன்று இராது. தொழிற்சாலையில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவை, பத்தாண்டு மீன் சுமந்தபின் முகம் மாறிவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் ஒருகாற் படித்த சாய்ந்தமருது இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மேசையில் இருந்த சிற்றுருக்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, “சேர், வாப்பாட வண்டிய இப்படிச் செஞ்சு தர ஏலுமா?” என்று கேட்டார். அவருடைய தந்தையார் சி-70 வண்டியில் மீன் விற்றவர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தபோது தந்தையும் வண்டியும் ஒன்றாகவே போயினர். வீட்டிலிருந்த படங்களும் அன்றே போயின. இளைஞருக்கு அப்போது வயது ஏழு.

படமில்லாத பொருளை எவ்வாறு செய்வது? வீட்டாரின் வாய்மொழிதான் ஆதாரம். முன்காப்பின் ஒரு பக்கம் வெடித்துக் கம்பியால் தைக்கப்பட்டிருந்தது என்றார் இளைஞர். பெட்டி நீலநிறம் என்றார் அவருடைய தாயார். இல்லை, வெள்ளை என்றார் சாச்சா. ஒவ்வொருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். சொற்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இந்நிலையில் எங்கள் ஊரிற் பிறந்த பேரறிஞர் ஒருவரின் நினைவு வருதல் இயல்பேயன்றோ? 1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்துபோன யாழ் என்னும் கருவியை ஆராய்ந்தபோது அவர்முன் பழைய யாழ் ஒன்றேனும் இருக்கவில்லை. புலவர்கள் தம் பாட்டுகளில் அதன் உறுப்புகளைப் பற்றிக் கூறிய சொற்களே இருந்தன. கணிதமும் விஞ்ஞானமும் கற்ற அவர், அச்சொற்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வடிவையும் நரம்பையும் கணித்து, யாழுறுப்பியல் என ஓர் இயலையே வகுத்தார். 1947ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதத்தில் அவர் மறைந்தார். மீன் வண்டியை யாழுக்கு ஒப்பிடுகிறேன் என்று எவரும் வருந்த வேண்டா. எல்லோர் கையிலும் இருந்த காலத்தில் ஒரு பொருளின் அளவை எவரும் குறித்துவைப்பதில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

ஆகவே, முதல் வேலை தூரிகை எடுப்பதன்று, அளவுநாடா எடுப்பது. அதே வகை வண்டி வைத்திருந்த முதிய மீன் வியாபாரி ஒருவரைச் சந்தியிற் கண்டு, “காக்கா, உங்கட வண்டிய ஒருக்கா அளந்து பாக்கலாமா?” என்று கேட்டேன். “வாங்கப் போறீங்களா தம்பி?” என்றார். காரியத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் நின்று, பெட்டியைக் கட்டிய ரியூப் நாடாவை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். பெட்டி நீளம் இரண்டடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. கரியரின் இரும்புக் கம்பி எத்தனை தடிப்பு, நாடா எத்தனை சுற்று, முடிச்சு எந்தப் பக்கம் என்பனவெல்லாம் கொப்பியில் ஏறின. பெட்டி நிறத்தின் வழக்கும் அங்கேயே தீர்ந்தது. ரெஜிபோம் பெட்டி வெள்ளை; அதன்மேல் மூடிக் கட்டும் தறப்பாள் நீலம். காலையிற் புறப்படும்போது பார்த்தவர் நீலத்தைக் கண்டார். மீன் விற்கும் இடத்தில் மூடி திறந்திருக்கப் பார்த்தவர் வெள்ளையைக் கண்டார்.

இனி, கைவேலைக்கு வருவோம். என் கையில் இருந்தது புஜிமி நிறுவனத்தின் சூப்பர் கப் 110 பெட்டி. உறுப்புகள் யாவும் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்போலத் தொங்கிக்கொண்டிருக்கும்; குறட்டால் வெட்டி எடுத்துச் சவர்க்கார நீரிற் கழுவிக் காயவைக்க வேண்டும். ஆயின் 110 வேறு, சி-70 வேறு. புதிய வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்குவன ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு குழாய்கள். பழைய வண்டியிலோ தகட்டை அழுத்திச் செய்த கவடும், அதன் அடியிற் சிறு இணைப்புக் கையும் இருந்தன. இதனை மாற்றாமல் எத்தனை அழகாக வர்ணந்தீட்டினாலும் அது வாப்பாவின் வண்டியாகாது. குழாய்களை வெட்டி எறிந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அறுத்து ஒட்டி, அரத்தால் உருட்டி, அக்கவட்டைப் புதிதாகச் செய்ய ஒரு வாரம் சென்றது.

இரு பாதிகளை ஒட்டும் இடங்களில் நடுவே ஒரு வரி தெரியும். அதனைப் பட்டி வைத்து மூடி, உலர்ந்தபின் நீர் தொட்டு மணற்கடதாசியால் தேய்க்க வேண்டும். முதலில் 400 எண், பின்பு 800, இறுதியில் 1000. விரல் நுனிக்குத் தெரியாத குற்றமும் சாம்பல்நிற அடிப்பூச்சு ஏறியதும் வெளிப்பட்டுவிடும். குற்றங் காட்டுவதற்காகவே அப்பூச்சு.

வர்ணத்தின் தடிப்புத்தான் இக்கலையின் நுட்பமான இடம். தூரிகையாற் குழைத்துப் பூசிய பூச்சு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்புடையது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்றேகால் மில்லிமீற்றருக்கு அண்மையாகின்றது. உண்மை வண்டிக்கு அத்துணை தடிப்பாக எவரேனும் வர்ணம் பூசினால், வண்டிமேற் களிமண் அப்பியது போலல்லவா இருக்கும்? ஆகையால் வர்ணத்தைப் பால்போல இளக்கி, காற்றுத் தூரிகையாலோ விசிறு புட்டியாலோ மூடுபனிபோலப் படியவிட்டு, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக மூன்று நான்கு முறை பூச வேண்டும். யன்னல் திறந்திருக்கட்டும்; அருகில் நெருப்பு வேண்டா. தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும்.

நிறத்துக்கும் அளவுண்டு. பெரிய வண்டியின் நீலத்தை அப்படியே சிற்றுருவிற் பூசினால் கறுத்துத் தோன்றும். சிறிது வெண்மை கலந்து வெளிற வைத்தாலே கண்ணுக்கு ஒக்கும். ரயரும் கறுப்பன்று. வீதியில் ஓடிய ரயர் அடுப்புச் சாம்பல் தூவிய கரியின் நிறம்.

பெட்டியில் வரும் சக்கரத்தின் ஆரக்கம்பிகள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு. கணக்குப் பார்த்தால் உண்மை வண்டியில் அவை பென்சில் தடிப்பாக இருக்க வேண்டும். வேண்டியது கால் மில்லிமீற்றர். அத்தடிப்பில் எங்கள் கடற்கரையிற் பஞ்சமில்லாத பொருள் தங்கூசி. பிளாஸ்டிக் கம்பிகளை வெட்டி அகற்றி, விளிம்பில் ஊசித் துளையிட்டுத் தங்கூசியைக் கோத்து இழுத்துக் கட்டினேன். அதில் வர்ணம் எளிதிற் பற்றாது; மணற்கடதாசியால் இலேசாக உரசிய பின்னரே பற்றும். பிறேக் கம்பிக்குப் பழைய வானொலிப் பெட்டியின் சுருளிலிருந்து உருவிய செப்புக்கம்பி போதுமாயிருந்தது. வானொலிப் பெட்டியை உடைக்கும் யோசனையை வானொலியிலேயே கூறுவது முறையன்று. பழுதடைந்த பெட்டி என்று திருத்திக்கொள்க.

மீன் பெட்டியை அடுத்துப் பார்ப்போம். சிற்றுரு வண்டிகள் வார்க்கப்படும் பிளாஸ்டிக்கும் ரெஜிபோமும் உண்மையில் ஒரே பொருள். பொலிஸ்டைரின் என்பர். ஒன்று இறுகியது, மற்றது காற்றூதிப் பொரித்தது. அப்படியானால் ரெஜிபோமிலேயே சிறு பெட்டி வெட்டி வைத்துவிடலாமே என்று தோன்றும். வைத்துப் பாருங்கள். ரெஜிபோமின் ஒவ்வொரு மணியும் மூன்று மில்லிமீற்றர் இருக்குமாயின், பன்னிரண்டால் பெருக்கும்போது எலுமிச்சம்பழ அளவாகிவிடும். எலுமிச்சம்பழங்களை ஒட்டிச் செய்த பெட்டியில் எவர் மீன் விற்றார்? ஆகவே தடித்த கடதாசி மட்டையிற் பெட்டி செய்து, வெண்ணிற வர்ணத்தில் மெல்லிய மாவைக் கலந்து ஒற்றியெடுத்தேன். மெய்யான ரெஜிபோம் பொய்யாகத் தோன்றும் இடத்தில் கடதாசியும் மாவும் மெய்யாகத் தோன்றின.

கறளுக்கு மட்டும் இவ்விதி செல்லாது. பழைய ஆணிகளிலிருந்து சுரண்டிய கறளைக் கல்லில் அரைத்து, துணியிற் சலித்தால் கிடைக்கும் பொடி எவ்வளவு சிறிய உருவுக்கும் பொருந்தும். வர்ணக்கடையில் அதனிலும் சிறந்த கறள்நிறம் கிடையாது. ஆனால் அதனை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் இடறுகின்றனர். பழைய வண்டி என்று காட்டும் ஆசையில் வண்டி முழுவதும் கறள் பூசிவிடுவர். முன்காப்பு பிளாஸ்டிக், நூறாண்டு உப்புக்காற்றில் நின்றாலும் அதிற் கறள் ஏறாது. அது மஞ்சளித்து வெடிக்கும், அவ்வளவே. காலும் கையும் ஓயாமற் படும் இடங்களிலும் கறள் நிற்பதில்லை. பிறேக் மிதியும் கியர் மிதியும் செருப்புத் தேய்த்து வெள்ளிபோல் மின்னும்.

மீன் வண்டிக்கே உரிய ஒரு செய்தி உண்டு. பக்கத் தாங்கியை ஊன்றி நிறுத்தும்போது வண்டி இடப்பக்கம் சாய்கின்றது. பெட்டியிலிருந்து கசியும் ஐஸ் நீரும் மீன் நீரும் அப்பக்கமே வடியும். எனவே கரியரின் இடக்கம்பி, இடப்பக்கத்துப் பின் அதிர்வுதாங்கி, அதன் கீழ்த் திருகாணி ஆகியவை வலப்பக்கத்தவற்றினும் முந்திக் கறள்பிடிக்கின்றன. காக்காவின் வண்டியில் இதனைக் கண்டேன். பின்பு சந்தியில் நின்று வேறு வண்டிகளிலும் பார்த்துக்கொண்டேன். இதை இளைஞரின் வீட்டில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. எவரும் நினைவிற் கொள்ளும் செய்தியுமன்று. ஆயினும் வாப்பாவின் வண்டியிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று துணிந்து இடப்பக்கத்துக்குக் கூடுதலாகக் கறள் வைத்தேன்.

காலநிலையும் இவ்வேலையில் ஒரு பங்காளி. வாடைக்காற்று வீசும் மாரியில், காற்றின் ஈரத்தால் தெளிந்த மேற்பூச்சு வெண்புகைபோல் மங்கிவிடும். கச்சான் காற்றுக்காலத்திற் பூச்சு நன்கு உலரும். புழுதியும் கூடவே வரும். ஆதலின் பூசிய உறுப்பை உடனே ஒரு பாத்திரத்தாற் கவிழ்த்து மூடிவைத்தல் நலம். முன்னே வெள்ளையும் பின்னே மஞ்சளுமாக இலக்கத்தகடுகளை எழுதி ஒட்டினேன். தாயார் அவ்விலக்கத்தை மட்டும் ஒரு நொடியும் தயங்காமற் சொன்னார்.

வேலை முடிந்தபோது பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் பொருத்தாமல் தனியே வைத்திருந்தேன். அவற்றைப் பற்றி எவரும் ஒன்றும் கூறவில்லை. தாயாரிடம் வண்டியைக் கொண்டுபோய், கண்ணாடி ஒன்றா இரண்டா என்று வினவினேன். அவர் வண்டியைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் வைத்தபடியே ஒருபுறமாகச் சுற்றிச் சென்று, பெட்டியின் முடிச்சுப் பக்கம் வந்து நின்று பார்த்தார். “வலப்பக்கத்து மட்டுந்தான்” என்றார். “மத்தது எங்கட கடப்பில அடிபட்டு உடைஞ்ச. பொறகு போடல்ல.”

வலக்கண்ணாடியை அங்கேயே சாமணத்தாற் பிடித்துப் பொருத்தினேன். இடப்பக்கத்துத் துளையைப் பட்டி வைத்து மூடவில்லை. உண்மை வண்டியிலும் அது திறந்தே இருந்திருக்கும்.